ஒர்க்ஸ் கமிட்டியும் பணி மதிப்பீடும்: தொழிற்சாலைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூறு முதல் ஐந்நூறு பேர் வரை வேலை பார்க்கும் உற்பத்தித் தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. எடுத்துக்காட்டுகளுக்கு, கோவை வட்டாரத்தில் நிறைய இருக்கும் வகையான ஒரு மோட்டார் பம்ப் தொழிற்சாலையை எடுத்துக்கொள்கிறோம். ஃபவுண்டரி (உலோகத்தை உருக்கி வார்க்கும் பகுதி), மெஷின் ஷாப், வைண்டிங் (மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் பகுதி), அசெம்ப்ளி, டெஸ்டிங், ஸ்டோர்ஸ் எல்லாம் ஒரே வளாகத்தில்; மொத்தம் 180 தொழிலாளர்கள். ரூபாய்க் கணக்குகள் விளக்கத்துக்காகப் போட்டவை.

பணி மதிப்பீடு என்றால் என்ன? வருடா வருடம் நடக்கும் அப்ரைசல்தானே அது?

இல்லை. அப்ரைசல் ஆளைப் பார்க்கிறது. பணி மதிப்பீடு வேலையைப் பார்க்கிறது. ஃபவுண்டரியில் மணலில் அச்சு எடுக்கும் மோல்டர் வேலையில் முப்பது வருட அனுபவசாலி இருந்தாலும், போன மாதம் சேர்ந்தவர் இருந்தாலும், அந்த வேலை கேட்கும் திறமை, உழைப்பு, பொறுப்பு, தாங்க வேண்டிய சூடும் புகையும் ஒன்றுதான். அதை மற்ற வேலைகளோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதே பணி மதிப்பீடு. ஆளுக்கு ஆள் வரும் வித்தியாசத்தை இன்கிரிமென்டும் சீனியாரிட்டியும் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டையும் கலந்தால் மதிப்பீடு முதல் வாரத்திலேயே கெட்டுவிடும். “அவர் நல்ல ஆளுங்க, கொஞ்சம் சேர்த்துப் போடுங்க” என்ற பேச்சு, மதிப்பிட உட்காரும் நிர்வாக–தொழிலாளர் கூட்டுக் குழுவில் எழும்போதே தலைவர் நிறுத்த வேண்டும்.

வெளியிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்து செய்துவிட்டுப் போகலாமே? தொழிலாளர்களை ஏன் உட்கார வைக்க வேண்டும்?

இரண்டு காரணங்கள். முதலாவது, வேலையின் உண்மை அதைச் செய்பவருக்குத்தான் தெரியும். டெஸ்டிங் பெஞ்சில் இருப்பவர் மீட்டர் பார்த்துக் குறிப்பதோடு சரி என்று காகிதத்தில் இருக்கும். பம்ப் ஃபெயில் ஆனால் தவறு வைண்டிங்கிலா, இம்பெல்லரிலா, சீலிலா என்று சத்தத்தை வைத்தே பிரித்து அனுப்புவதும் அவர்தான் என்பது ஷாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

இரண்டாவது, மதிப்பெண் சரியாகவே இருந்தாலும் அது எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் யாரும் ஏற்கமாட்டார்கள். மூடிய அறையில் தயாரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிய கிரேடு பட்டியல், கீழே போன ஒவ்வொரு துறையிலும் ஒரு தகராறாக முளைக்கும். தங்கள் ஆள் நான்கு பேர் உட்கார்ந்து வாதாடி, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பட்டியலுக்கு அந்த நிலை குறைவு. கன்சல்டன்ட் வேண்டாம் என்பதில்லை. அவர் முறையைச் சொல்லித்தரட்டும், கூட்டத்தை நடத்தட்டும். மதிப்பெண் குழுவினுடையதாக இருக்க வேண்டும்.

ஒர்க்ஸ் கமிட்டி சட்டப்படி கட்டாயமா?

ஒர்க்ஸ் கமிட்டி என்பது நிர்வாகப் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சேர்ந்து உட்காரும் குழு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவு இதைக் கொண்டுவந்தது. இப்போது அதே ஏற்பாடு, 21 நவம்பர் 2025 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2020-இன் 3-ஆம் பிரிவில் இருக்கிறது. நூறோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் இருக்கும் தொழிற்சாலையை, கமிட்டி அமைக்கும்படி அரசு பொது ஆணையாலோ தனி ஆணையாலோ கேட்கலாம். தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகத்தின் எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது.

இது வேறு, குறைதீர்க்கும் கமிட்டி வேறு. இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் பின்னது அவசியம். அதில் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை, அதிகபட்சம் பத்து உறுப்பினர்கள், பெண் தொழிலாளர்களுக்கு அவர்கள் விகிதத்துக்கேற்ற இடம். தலைவர் பதவி ஆண்டுதோறும் இரு தரப்புக்கும் மாறி மாறி வரும். தனி ஆளின் குறை அங்கே போகும். எல்லோருக்கும் பொதுவான விஷயம் ஒர்க்ஸ் கமிட்டிக்கு வரும்.

நடைமுறை விவரங்களுக்கு, பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் கீழ் வந்த 1957-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் இன்றும் நல்ல அளவுகோல். மொத்த உறுப்பினர் இருபதுக்கு மேல் கூடாது. பதவிக்காலம் இரண்டு ஆண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். ஆறு மாத சர்வீஸ் உள்ளவர் ஓட்டுப் போடலாம், ஒரு வருட சர்வீஸ் உள்ளவர் போட்டியிடலாம். மூன்று மாதம் என்பது குறைந்தபட்சம்தான். மாதம் ஒருமுறை கூடாத கமிட்டி ஒரு வருடத்தில் கேன்டீன் மெனு கமிட்டியாகச் சுருங்கிவிடும்.

அந்தக் கமிட்டியே சம்பளத்தையும் கிரேடையும் முடிவு செய்துவிடலாமா?

கூடாது. அதிகத் தொழிற்சாலைகள் இடறி விழும் இடம் இதுதான்.

கமிட்டியின் வேலை நல்லுறவைக் காப்பது, பொதுவான விஷயங்களில் கருத்துச் சொல்வது, கருத்து வேறுபாட்டைத் தீர்க்க முயல்வது. 1959-இல் இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் தொடர்ச்சியாக இரண்டு பட்டியல்கள் உருவாயின. வெளிச்சம், காற்றோட்டம், குடிநீர், கேன்டீன், பாதுகாப்பு, விடுமுறை நாள்களை மாற்றிக்கொள்வது போன்றவை கமிட்டி எடுக்க வேண்டியவை. சம்பளம், படி, போனஸ், வேலைப்பளு நிர்ணயம், ஆட்குறைப்பு, இன்சென்டிவ் ஆகியவை எடுக்கக் கூடாதவை.

1960-இல் நார்த்புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொன்னது. ஆலையைச் சீரமைக்கும் திட்டத்துக்கு ஒர்க்ஸ் கமிட்டியில் சம்மதம் வாங்கிவிட்டதாக நிர்வாகம் சொன்னது. கமிட்டி யூனியனுக்கு மாற்று அல்ல. பணி நிபந்தனைகளில் உண்மையான மாற்றத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அதற்கு இல்லை என்பது தீர்ப்பு.

ஆகவே வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணிகளை வைத்து மதிப்பிடுவது, வேலை விவரம் சரியா, எந்த வேலைக்கு எத்தனை புள்ளி என்பது கூட்டு மதிப்பீட்டுக் குழுவின் வேலை. ஒரு புள்ளிக்கு எத்தனை ரூபாய், எந்தத் தேதி முதல், அரியர்ஸ் உண்டா என்பது யூனியனோடு பேசிக் கையெழுத்தாகும் செட்டில்மென்டின் வேலை. இந்தக் கோட்டை முதல் கூட்டத்திலேயே மினிட்ஸில் எழுதிவைத்தால் யூனியனின் பயமும் பாதி தீரும்.

மதிப்பீட்டுக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

எட்டுப் பேர் போதும்: தொழிலாளர் தரப்பில் நான்கு, நிர்வாகத் தரப்பில் நான்கு. பத்தைத் தாண்டினால் ஒரு வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். தொழிலாளர் நால்வரை யூனியன் பரிந்துரைக்கட்டும். ஆனால் நால்வரும் ஒரே ஷாப்பிலிருந்து வரக் கூடாது. நம் தொழிற்சாலை என்றால் ஃபவுண்டரிக்கு ஒருவர், மெஷின் ஷாப்புக்கு ஒருவர், வைண்டிங்குக்கு ஒருவர், மெயின்டனன்ஸ் அல்லது ஸ்டோர்ஸுக்கு ஒருவர். வைண்டிங்கில் பெரும்பாலும் பெண்களே இருப்பதால் அங்கிருந்து வருபவர் பெண்ணாக இருப்பதுதான் பொருத்தம். நிர்வாகத் தரப்பில் எச்.ஆர். ஒருவர், உற்பத்தி ஒருவர், தரக்கட்டுப்பாடு ஒருவர், இன்டஸ்ட்ரியல் இன்ஜினியர் ஒருவர்.

குழு கூடும் நேரம் முழுதும் வேலை நேரமாகவே கணக்காக வேண்டும். பீஸ் ரேட்டிலோ இன்சென்டிவிலோ இருப்பவருக்கு அந்த நேரத்துக்கான சராசரி வருமானத்தையும் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் மூன்றாவது கூட்டத்திலிருந்து ஆள் வரமாட்டார்.

எந்த முறை நல்லது?

முப்பது பேர் உள்ள பட்டறைக்கு, வேலைகளைச் சீட்டில் எழுதி மேலிருந்து கீழாக அடுக்கும் வரிசை முறையே போதும். அறுபது எழுபது விதமான வேலைகள் உள்ள இடத்துக்குப் புள்ளி முறைதான் சரி. ஏன் இந்த இடம் என்று கேட்டால் காரணம் காட்ட முடியும்.

புதிதாக ஒன்றை உருவாக்கி நேரத்தைக் கழிப்பதைவிட, 1930-களில் அமெரிக்க உலோக, மின்சாதனத் தொழிற்சாலைகளுக்காக உருவான 500 புள்ளித் திட்டத்தை எடுத்துத் திருத்திக்கொள்வது எளிது. அதில் பதினோரு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகள். கல்வி 70, அனுபவம் 110, சுயமாக யோசித்துச் செய்வது 70. இவை மூன்றும் திறமை. உடலுழைப்பு 50, மனம் மற்றும் கண்ணின் கவனம் 25. பொறுப்பில் இயந்திரம், பொருள், பிறர் பாதுகாப்பு, பிறர் வேலை என நான்கும் தலா 25. வேலைச் சூழல் 50, தவிர்க்க முடியாத ஆபத்து 25. இவை உச்சப் புள்ளிகள். முதல் படிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு. கல்வி 14, 28, 42, 56, 70 என்று ஏறும்.

திறமைக்கே பாதிப் புள்ளி போவதைக் கவனியுங்கள். சூடும் தூசியும் அதிகமுள்ள ஃபவுண்டரி இருக்கும் இடத்தில் அந்தப் பங்கு சரியா என்று குழு முதலில் பேசித் தீர்க்க வேண்டும். மாற்றுவதானால் மதிப்பெண் போடத் தொடங்கும் முன்பே மாற்ற வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு எடையை மாற்றுவது, வேண்டிய விடையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதுதான்.

ஒரு வேலைக்கு மதிப்பெண் போட்டுக் காட்ட முடியுமா?

கைமோல்டர் வேலையையும் சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் இயந்திரம்) ஆபரேட்டர் வேலையையும் பக்கத்தில் வைப்போம். இந்தத் தொழிற்சாலையில் சிஎன்சி புரோகிராமை வேறொருவர் எழுதித் தருகிறார்; ஆபரேட்டர் ஜாபை ஏற்றி, டூல் ஆஃப்செட் திருத்தி, அளவு பார்த்து இறக்குகிறார்.

மோல்டர்: கல்வி 2-ஆம் படி 28, அனுபவம் 3-ஆம் படி 66, சுயயோசனை 3-ஆம் படி 42, உடலுழைப்பு 40, கவனம் 15, இயந்திரம் 10, பொருள் 15, பிறர் பாதுகாப்பு 15, பிறர் வேலை 5, சூழல் 50, ஆபத்து 20. மொத்தம் 306.

சிஎன்சி ஆபரேட்டர்: கல்வி 42, அனுபவம் 44, சுயயோசனை 28, உடலுழைப்பு 20, கவனம் 20, இயந்திரம் 20, பொருள் 15, பிறர் பாதுகாப்பு 10, பிறர் வேலை 5, சூழல் 20, ஆபத்து 10. மொத்தம் 234.

பல நிர்வாகங்களுக்கு இந்த முடிவு அதிர்ச்சியாக இருக்கும். ஏசி அறையில், திரை வைத்த இயந்திரத்தின் முன் நிற்பவர் மேலே என்றுதான் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. மணலின் ஈரத்தைக் கையால் பிசைந்தே சொல்லும் மோல்டரின் திறமைக்குச் சான்றிதழ் இல்லாததால் அது கண்ணில் படாமல் போகிறது. இதே ஆபரேட்டர் புரோகிராமும் எழுதி, செட்டிங்கும் செய்தால் அனுபவமும் சுயயோசனையும் இரண்டு படிகூட ஏறலாம், இடைவெளி சுருங்கிவிடும். வேலை விவரத்தைச் சரியாக எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த வேலை விவரத்தை எப்படி எழுதுவது?

வேலை செய்பவரிடம் ஒரு மணி நேரம், சூப்பர்வைசரிடம் அரை மணி நேரம், நேரில் நின்று பார்க்க அரை ஷிப்ட். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். “பொறுப்பாகச் செயல்படுவார்” போன்ற வரிகளை வெட்டிவிட்டு, அளவு சொல்லுங்கள்: எத்தனை கிலோ தூக்குகிறார், ஷிப்டுக்கு எத்தனை தடவை, எத்தனை மைக்ரான் வரை அளக்கிறார், தவறினால் எந்த ஸ்டேஜில் தெரியும், ரிஜெக்ட் ஆனால் எத்தனை ரூபாய் போகும், புதிய ஆள் தனியாகச் செய்ய எத்தனை மாதம் ஆகும்.

வருடத்தில் இரண்டு முறை மட்டும் செய்யும் வேலையை முன்னால் எழுதிப் புள்ளி ஏற்றும் பழக்கம் உண்டு. அதைத் தடுக்க, ஒவ்வொரு கடமைக்கும் எதிரே நேரத்தில் எத்தனை சதவீதம் என்று போடச் சொல்லுங்கள். முடித்ததும் வேலை செய்பவர், சூப்பர்வைசர் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒத்துவராத வரி இருந்தால் இரண்டு கருத்தையும் எழுதிக் குழுவுக்கு அனுப்புங்கள். விவரம் தமிழில்தான் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியதில் வாங்கும் கையெழுத்துக்கு அர்த்தமில்லை.

கூட்டத்தில் மதிப்பெண் போடும் ஒழுங்கு என்ன?

அறுபது வேலைகளையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த, எல்லா ஷாப்பிலிருந்தும் வரும் 15 முதல் 18 வேலைகளை முதலில் அடையாள வேலைகளாக வையுங்கள். ஒரு காரணியை எடுத்து அத்தனை வேலைகளுக்கும் போட்டு முடித்த பிறகு அடுத்த காரணிக்குப் போங்கள். ஒரு வேலையை எடுத்துப் பதினோரு காரணிகளையும் வரிசையாகப் போட்டால், முதல் இரண்டில் உயர்ந்த வேலை மற்றவற்றிலும் தானாக உயரும்.

ஒவ்வொருவரும் தனியாகச் சீட்டில் படியை எழுதிவிட்டு, ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். பேசிவிட்டு எழுதினால் மேனேஜர் சொன்ன எண்ணே எல்லோர் எண்ணாகவும் வரும். ஒரு படி வித்தியாசம் என்றால் சிறிது பேசி முடிக்கலாம். இரண்டு படி வித்தியாசம் என்றால் மதிப்பெண் போடாமல் வேலையைப் போய்ப் பாருங்கள். அநேகமாக விவரத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கும். சராசரி எடுத்து முடிக்கவே கூடாது. 3.4-ஆம் படி என்று ஒன்று கிடையாது, அதற்குக் காரணமும் எழுத முடியாது.

இன்னும் ஒன்று: யாருக்கு இப்போது என்ன சம்பளம் என்ற தாள் அந்த அறைக்குள் வரக் கூடாது.

ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். வாரம் இரண்டு அமர்வு என்றால், விவரம் எழுதுவதிலிருந்து மேல்முறையீடு வரை 180 பேர் தொழிற்சாலைக்கு நான்கைந்து மாதம் ஆகும். ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்பவர்கள் பழைய சம்பளப் பட்டியலைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள் என்று பொருள்.

பெண்கள் அதிகம் செய்யும் வேலைகளுக்குப் புள்ளி குறைவாகவே வருகிறது. ஏன்?

அளவுகோலில் அந்த வேலையின் கடினம் எழுதப்படவில்லை என்பதால். உடலுழைப்பு என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது எடை தூக்குவதுதான். வைண்டிங்கில் இருப்பவர் எட்டு மணி நேரம் குனிந்த கழுத்தோடு, சுற்று எண்ணி, மெல்லிய செம்புக் கம்பியை இன்சுலேஷன் உரியாமல் ஸ்லாட்டுக்குள் இறக்குகிறார். ஒரு சுற்று ஷார்ட் ஆனால் டெஸ்டிங்கில்தான் தெரியும். அதற்குள் வார்னிஷும் போட்டு அசெம்ப்ளியும் முடிந்திருக்கலாம். விரல் நுணுக்கம், மாறாத உடல் நிலை, திரும்பத் திரும்ப வரும் அசைவு, இடைவிடாத கண் கவனம் ஆகியவற்றைப் படி விளக்கங்களில் வெளிப்படையாகச் சேருங்கள். “25 கிலோவுக்கு மேல் தூக்குவது” நான்காம் படி என்றால், “ஷிப்டின் பெரும்பகுதி ஒரே நிலையில் வேகமான விரல் வேலை” என்பதும் அதே படியில் ஒரு வரியாக நிற்கட்டும்.

இது நியாயம் மட்டுமல்ல, சட்டமும்கூட. ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ பாலினத்தை வைத்துக் கூலியைப் பிரிக்கக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. 1987-இல் மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில், பெண் ஸ்டெனோகிராபர்களுக்குத் தனிப் பெயர் வைத்துக் குறைந்த சம்பளம் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பதவிப் பெயரை மாற்றிவிட்டால் வேலை மாறிவிடாது. சம ஊதியத்துக்கான 100-ஆம் எண் சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1958-இலேயே ஏற்றது. செய்யும் வேலையை வைத்துப் பணிகளை மதிப்பிட வேண்டும் என்ற பேச்சு அதிலேயே இருக்கிறது.

புள்ளியை ரூபாயாக மாற்றுவது எப்படி?

முதலில் கிரேடு. மூலத் திட்டத்தில் 22 புள்ளிக்கு ஒரு கிரேடு, மொத்தம் பன்னிரண்டு. 180 பேருக்கு அது அதிகம். 44 புள்ளிக்கு ஒன்று என்று ஏழாகக் குறைக்கலாம். 139 வரை முதல் கிரேடு, பிறகு 140–183, 184–227, 228–271, 272–315, 316–359, அதற்கு மேல் ஏழாவது. சிஎன்சி ஆபரேட்டர் நான்கிலும் மோல்டர் ஐந்திலும் வருவார்கள். எல்லைக்கு ஐந்து புள்ளிக்குள் நிற்கும் வேலைகளை மட்டும் தனியாக எடுத்து மறுபடி பாருங்கள். தகராறு முக்கால்வாசி அங்கிருந்துதான் வரும்.

பிறகு அடையாள வேலைகளின் புள்ளியைக் கிடைக்கோட்டிலும் இப்போதைய சராசரிச் சம்பளத்தைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்து, நடுவே ஒரு நேர்கோடு. எக்செலில் இரண்டு நிமிட வேலை. கோடு ரூ.9,000 + புள்ளிக்கு ரூ.40 என்று வந்தால், நான்காம் கிரேடின் நடுப்புள்ளி 249.5-க்கு ரூ.18,980, ஐந்தாம் கிரேடுக்கு ரூ.20,740. நடுவிலிருந்து மேலும் கீழும் 10 சதவீதம் வைத்தால் நான்காம் கிரேடு ரூ.17,082 முதல் ரூ.20,878 வரை. எந்த கிரேடின் அடிமட்டமும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகவில்லை என்று பஞ்சப்படி சேர்த்துச் சரிபாருங்கள்.

கிரேடின் உச்சத்துக்கு மேல் இப்போதே வாங்குபவர் என்ன ஆவார்?

யாருடைய சம்பளமும் குறையாது என்று மதிப்பீடு தொடங்கும் முன்பே எழுதிக் கொடுங்கள். இந்தத் தாள் இல்லாமல் தொடங்கிய மதிப்பீட்டில் உண்மையான தகவல் கிடைக்காது. எல்லோரும் பயத்தில் வேலையைப் பெரிதாக்கிச் சொல்வார்கள்.

நான்காம் கிரேடில் ஒருவர் ரூ.22,500 வாங்குகிறார் என்றால் உச்சத்தைத் தாண்டிய ரூ.1,622 அவருக்குத் தனிப்பட்ட ஊதியமாக நிற்கும். பஞ்சப்படி எல்லோரையும் போலவே ஏறும். அவர் ஓய்வு பெற்றாலோ மேல் கிரேடுக்குப் போனாலோ அந்தத் தொகை மறையும். ரூ.16,000 வாங்குபவரை ரூ.17,082-க்கு உடனே ஏற்ற வேண்டும். அறிவிக்கும் முன் இப்படி ஏற வேண்டியவர்களை எண்ணி, மாதச் செலவைப் பி.எஃப்., கிராஜுவிட்டியோடு கணக்கிட்டு, பணத்தை ஒதுக்கி வையுங்கள். பணமில்லை என்று ஏற்றத்தைத் தள்ளிப்போட்டால் அடுத்த மதிப்பீட்டுக்கு யாரும் ஒத்துழைக்கமாட்டார்கள்.

சந்தையில் சிஎன்சி ஆபரேட்டருக்குத்தான் அதிகம் கேட்கிறார்கள். கிரேடை ஏற்றிவிடலாமா?

கிரேடைத் தொடாதீர்கள். சந்தைப் படி (அலவன்ஸ்) என்று தனித் தலைப்பில், ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யும் நிபந்தனையோடு கொடுங்கள். புள்ளியை ஏற்றினால் நாளை சந்தை இறங்கும்போது இறக்க முடியாது. இடையில் மோல்டரும், வார்ப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங் ஆளும் நியாயமாகவே கேள்வி கேட்பார்கள்.

சட்டப்படி முன்னறிவிப்பு வேண்டுமா?

வேண்டும். கிரேடு வகைப்பாடு, பணி நிபந்தனை மாற்றங்களின் பட்டியலில் இருக்கிறது. தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்து 21 நாளுக்குள் அமல்படுத்தக் கூடாது. செட்டில்மென்ட் வழியாக வரும் மாற்றத்துக்கு இந்த நோட்டீஸ் தேவையில்லை. பேசி முடிப்பதுதான் நேரத்தையும் மிச்சப்படுத்தும். ஒன்றுக்கு மேற்பட்ட யூனியன்கள் உள்ள இடத்தில், தொழிலாளர்களில் 51 சதவீதமோ அதற்கு மேலோ உறுப்பினராக உள்ள யூனியன் பேச்சுவார்த்தை யூனியன். அப்படி எதுவும் இல்லையென்றால் 20 சதவீதமாவது உள்ளவை சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. யாரோடு கையெழுத்திடுவது என்பதை முதலில் தெளிவாக்குங்கள்.

யூனியன் குழுவில் சேர மறுத்தால்?

தனியாகச் செய்து முடித்துவிடலாம் என்ற ஆசை வரும்; செய்யாதீர்கள். மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும்: ஆட்குறைப்புக்கு முன்னோட்டமோ என்ற சந்தேகம், வேலைப்பளுவை ஏற்றப் போகிறார்கள் என்ற பயம், சம்பளப் பேச்சை இது விழுங்கிவிடும் என்ற கவலை. மூன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள். யூனியன் தன் சொந்த நிபுணரைப் பார்வையாளராக அழைத்துவரலாம் என்பதையும் சேருங்கள். ஒரே ஒரு ஷாப்பில் ஆறு வேலைகளை மட்டும் முன்னோட்டமாகச் செய்து காட்டுவது பல நேரங்களில் கதவைத் திறக்கும்.

மேல்முறையீடும் மறுமதிப்பீடும் எப்போது?

முடிவு வெளியான 30 நாளுக்குள் யாரும் மனுக் கொடுக்கலாம். மனுவில் எந்தக் காரணி, விவரத்தில் எது விட்டுப்போனது என்று சொல்ல வேண்டும். “பக்கத்து ஷாப்புக்கு அதிகம்” என்பது மட்டும் போதாது. முதலில் மதிப்பிட்டவர்களில் தரப்புக்கு ஒருவர், புதியவர்கள் தரப்புக்கு இருவர் என ஆறு பேர் கேட்டு, காரணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும். புள்ளி குறையவும் வாய்ப்புண்டு என்பதை மனுப் படிவத்திலேயே அச்சிடுங்கள்.

அதன் பிறகு வேலை மாறும்போதெல்லாம் மறுமதிப்பீடு. கைமோல்டிங்குக்குப் பதில் மோல்டிங் மெஷின் வந்தால், ஒரு ஆள் இரண்டு மெஷின் பார்க்கத் தொடங்கினால், டெஸ்டிங் கம்ப்யூட்டருக்கு மாறினால், மூன்று மாதம் ஓடவிட்டு மறுபடி எடுங்கள். எதுவும் மாறாவிட்டாலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, செட்டில்மென்ட் முடிவதற்கு ஆறு மாதம் முன்பாக, அடையாள வேலைகளை மட்டும் சரிபார்க்க வேண்டும். பழைய சீட்டுகளையும் காரணக் குறிப்புகளையும் எச்.ஆர். அலமாரியில் ஒரு பிரதி, யூனியன் அலுவலகத்தில் ஒரு பிரதி என்று வைத்திருங்கள். குழுவில் ஆட்கள் மாறிய பிறகு வரும் புதியவர்கள் அதை வைத்துத்தான் தொடர வேண்டியிருக்கும்.